தாழிடாத கதவு

(வானொலி மறையுரை)

இறை இயேசுவில் அன்புக்குரிய சகோதர சகோதரிகளே, வீட்டிலிருந்தும் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தும் இந்த மறையுரைக்குச் செவிமடுக்கும் பெரியோரே, நோயுற்றோரே, உங்கள் அனைவருக்கும் ஆண்டவரின் அமைதி உரித்தாகுக.

இப்படி வாழ்த்துவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஒவ்வொரு திருப்பலியிலும், நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்பு, அருகில் நிற்பவரைப் பார்த்துக் கரம் குவிக்கிறோம். அமைதியைப் பகிர்ந்துகொள்கிறோம். அரை நிமிடத்தில் அது முடிந்துவிடுகிறது. ஆனால் நாம் யாரை நோக்கிக் கைகுவித்தோமோ, அவர் வீட்டில் மறுநாள் காலை கந்துவட்டிக்காரர் வந்து நிற்கலாம். அவருடைய ஸ்கேன் அறிக்கை அந்த வாரம் வரவிருக்கலாம். வெளிநாட்டுக்குப் போன மகனிடமிருந்து மூன்று மாதமாக அவருக்கு அழைப்பே வராமல் இருக்கலாம். அவருக்கு நாம் சொன்ன அமைதி எங்கே போய்ச் சேருகிறது? இன்று நாம் சிந்திக்க விரும்புவது இந்தக் கேள்வியைத்தான்.

யோவான் நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், இயேசு தம் சீடர்களுக்கு அமைதியை விட்டுச் செல்வதாகச் சொல்கிறார். அது உலகம் தரும் அமைதி போன்றதல்ல என்றும் சொல்கிறார். அவர் இதை எப்போது சொன்னார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மலைமேல் அமர்ந்து, மக்கள் சூழ்ந்திருக்க, வயிறு நிறைந்த நேரத்தில் சொல்லவில்லை. இராவுணவு வேளை அது. யூதாசு எழுந்து வெளியே போய்விட்டான். பேதுரு மறுதலிக்கப்போவதை இயேசு சற்றுமுன்தான் சொல்லியிருக்கிறார். இன்னும் சில மணி நேரத்தில் தீப்பந்தங்களோடும் படைக்கலங்களோடும் ஆள்கள் வரப்போகிறார்கள். விடிந்தால் சிலுவை. இத்தனையும் அறிந்த ஒருவர்தான் அந்த இரவில் அமைதியைப் பற்றிப் பேசினார். ஆகவே அவர் தரும் அமைதி, துன்பம் தொடாத இடத்தில் பிறந்தது அல்ல.

அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்துக்கு வருவோம். உயிர்ப்பு ஞாயிறு மாலை. சீடர்கள் அச்சத்தால் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இயேசு வந்து அவர்கள் நடுவில் நிற்கிறார். அமைதியை வழங்குகிறார். உடனே தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். உயிர்த்தவருக்கு அந்தத் தழும்புகள் எதற்கு என்று நாம் கேட்கலாம். சாவையே வென்றவருக்கு ஆணி பாய்ந்த காயங்களை மறைக்கவா முடியாது? அவர் மறைக்கவில்லை. அமைதியையும் காயத்தையும் ஒரே வேளையில் அவர்கள் முன் வைக்கிறார். அந்த ஒரே அதிகாரத்தில் மூன்று முறை அவர் அமைதியை வழங்குகிறார். ஒருமுறை சொன்னால் நம் பயம் போகாது என்பது அவருக்குத் தெரியும்.

அன்பர்களே, இதைச் சொல்லும்போது நாம் ஒரு குற்றத்தையும் உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். துன்பத்தில் இருப்போரிடம் அமைதியைப் பற்றிப் பேசும்போது, குருக்களாகிய நாம் சில வேளைகளில் அவசரப்பட்டுவிடுகிறோம்.

2017ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் வீசியது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டுப் போனவர்கள், எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் உண்டு. உடலாகக் கரை சேர்ந்தவர்கள் உண்டு. உடலும் கிடைக்காதவர்கள் பலர். அந்த நாள்களில், மகனைக் கடலில் இழந்த ஒரு தாயின் வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் நட்சத்திர விளக்கு தொங்கவில்லை.

அந்தத் தாய் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னோம்: "கடவுள் எதைச் செய்தாலும் அதில் ஒரு திட்டம் இருக்கும், அம்மா. மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளுங்கள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எம் பிள்ளையக் கடல்ல விடுறதுதான் அவரு திட்டமா சாமி? அப்படின்னா அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம்."

நமக்குப் பதில் வரவில்லை. கிளம்பும்போது அவரே சொன்னார்: "ராத்திரி நான் கதவத் தாழ்போடுறது இல்ல சாமி. அவன் வந்தா, நின்னு தட்டிக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல."

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது விசுவாசக் குறைவா? இல்லை. நாம் கொண்டுபோனதுதான் போலிச் சரக்கு. இயேசு கொடுக்கும் அமைதி என்று பெயரிட்டு, நம் சங்கடத்தை மூடிக்கொள்ள ஒரு சொல்லை அவர் கையில் திணித்தோம். அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இலாசர் இறந்தபோது இயேசு அவருடைய கல்லறைக்கு வந்தார். சற்று நேரத்தில் அவரை உயிர்ப்பிக்கப்போகிறார் என்பது இயேசுவுக்குத் தெரியும். ஆயினும் மார்த்தாவிடமும் மரியாவிடமும் அழாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. தாமே கண்ணீர் விட்டார். கெத்சமனித் தோட்டத்தில் அவரே துயரத்தில் ஆழ்ந்து, அந்தக் கிண்ணம் நீங்காதா என்று தந்தையிடம் மன்றாடினார். திருப்பாடல்களில் 88ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை புலம்பல்தான். ஒரு வரிகூட விடியலைப் பற்றிச் சொல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் திருச்சபை இறைவேண்டல் என்றே ஏற்றுக்கொண்டு, இன்றும் திருப்புகழ்மாலையில் செபிக்கிறது. ஆகவே நம்மில் யாராவது கடவுளிடம் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், நாம் விசுவாசத்தை விட்டு வெளியே போய்விட்டோம் என்று அஞ்ச வேண்டாம். கேட்பதற்குக்கூட அவரிடம்தானே போகிறோம்.

அப்படியானால் கிறிஸ்து தரும் அமைதி எப்படி இருக்கும்? நம் காலத்தில் வாழ்ந்த ஓர் இறை ஊழியரின் வாழ்வு இதற்கு விடை தருகிறது. அவர் வியட்நாம் நாட்டைச் சேர்ந்த கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான். 1928இல் பிறந்தவர். 1967இல் ஞா ட்ராங் மறைமாவட்டத்தின் ஆயரானார். எட்டு ஆண்டுகள் ஓய்வறியாமல் உழைத்தார். குருமட மாணவர்கள் பெருகினார்கள், பொதுநிலையினர் பயிற்சி பெற்றார்கள். 1975 ஏப்ரலில், திருத்தந்தை 6ஆம் பவுல் அவரைச் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் இணைப் பேராயராக நியமித்தார். சில நாள்களில் சைகோன் வீழ்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா அன்று, புதிய அரசு அவரைக் கைது செய்தது. வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 13 ஆண்டுகள் காவலில் இருந்தார். அவற்றில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

அவர் உடனே அமைதி அடைந்துவிடவில்லை என்பதை அவரே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். சன்னல் இல்லாத அறை. மூச்சு முட்டும் வெப்பம். 48 வயதில், உழைக்க உடலில் வலுவிருக்கும்போது, கட்டியெழுப்பிய பணிகளெல்லாம் கைவிட்டுப் போகின்றனவே, மக்கள் ஆயனில்லாமல் கிடக்கிறார்களே என்ற எண்ணம் அவரை வாட்டியது. இரவில் உறக்கம் இல்லை. அப்படியொரு இரவில் அவர் உள்ளத்தில் ஒரு தெளிவு பிறந்தது. கடவுள் வேறு, கடவுளுக்காகச் செய்யும் பணிகள் வேறு. குருமடமும் பள்ளிகளும் மறைபரப்புத் திட்டங்களும் நல்லவை. ஆனால் அவை கடவுள் அல்ல. அவர் அவற்றைத் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடலாம். தாம் தேர்ந்துகொண்டது கடவுளையே என்று அவர் உணர்ந்தார். அந்த இரவுக்குப் பிறகு தமக்குள் ஓர் அமைதி வந்து தங்கியதாக அவர் சாட்சி சொன்னார். அறைக்குச் சன்னல் வரவில்லை. கதவும் திறக்கவில்லை. விடுதலைக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அன்பர்களே, இதை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். நமக்கும் கடவுள் பல நன்மைகளைத் தந்திருக்கிறார். வேலை, வீடு, உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, ஊரில் ஒரு மதிப்பு. நாளடைவில் அந்தக் கொடைகளையே கடவுள் என்று எண்ணிவிடுகிறோம். வேலை போனால் கடவுளே போய்விட்டதுபோல் இடிந்துபோகிறோம். போனது கொடைதான், கொடுத்தவர் போகவில்லை. இதைச் சொல்வது எளிது. நுயென் வான் துவானுக்கே அது புரிய எத்தனையோ உறங்காத இரவுகள் ஆயின. ஆகவே நமக்கு ஒரே நாளில் புரியவில்லை என்றால் மனம் தளர வேண்டாம்.

சிறையில் அவர் செய்த மூன்று காரியங்களை இன்று நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, கையில் இருந்ததைக் கொண்டு அவர் செபித்தார். கைதான சில நாள்களில், தேவையான பொருள்களைக் கேட்டு எழுத அனுமதி கிடைத்தது. வயிற்று வலிக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சை இரசம் அனுப்பும்படி எழுதினார். மக்கள் புரிந்துகொண்டார்கள். வயிற்று மருந்து என்று ஒட்டிய சிறு புட்டியில் இரசமும், ஈரம் படாதபடி டார்ச் விளக்குக்குள் மறைத்து வைத்த அப்பமும் வந்து சேர்ந்தன. அன்றுமுதல் உள்ளங்கையில் மூன்று துளி இரசமும் ஒரு துளி தண்ணீரும் விட்டுத் திருப்பலி நிறைவேற்றினார். அவருடைய உள்ளங்கையே பலிபீடம் ஆயிற்று. உடல் நைந்து நீண்ட செபம் எதுவும் சொல்ல இயலாத நாள்களும் அவருக்கு இருந்தன. அப்போது ஓரிரு சொற்களோடு இறைவன் முன் கிடந்தார்.

நம்மில் சிலர், முன்போல் ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்ல முடியவில்லையே, கோவிலுக்கு நடந்து வர முடியவில்லையே என்று வருந்துகிறோம். கீமோதெரபி முடிந்து வந்தவருக்கு ஒரு அருள் நிறை மரியே சொல்வதும் பெரிய காரியம். "இயேசுவே" என்ற ஒரு சொல்லும் போதும். மூன்று துளியை ஏற்றுக்கொண்டவர் அதையும் ஏற்றுக்கொள்வார்.

இரண்டாவது, அவர் தம்மைத் தனியே வைத்துக்கொள்ளவில்லை. முகாமில் ஐம்பது ஐம்பது பேராகப் பொதுப் படுக்கையில் படுக்க வைக்கப்பட்டபோது, கத்தோலிக்கக் கைதிகள் ஐந்து பேர் அவருக்கு அருகில் இடம் பிடித்துக்கொண்டார்கள். இரவு ஒன்பதரை மணிக்கு விளக்கு அணைந்ததும், படுக்கையில் குனிந்து, மனப்பாடமாகத் திருப்பலி நிறைவேற்றி, இருட்டில் அவர்களுக்கு நற்கருணை வழங்குவார். சிகரெட் பெட்டியின் தாளால் சிறு பைகள் செய்து, அதில் நற்கருணையை வைத்து மற்றக் கைதிகளுக்கும் கொண்டுசேர்த்தார்கள். சிறைக் காவலர்களிடமும் அவர் பகைமை காட்டவில்லை. அவர்களுக்கு மொழிகள் கற்றுக்கொடுத்தார், நண்பரானார். அவர்களில் ஒருவருடைய உதவியால்தான் ஒரு மரத்துண்டில் சிறு சிலுவை செய்துகொண்டார். மின்கம்பியால் அதற்குச் சங்கிலி செய்தார். பிற்காலத்தில் உரோமையில் இருந்தபோதும் அந்தச் சிலுவையையே அணிந்திருந்தார்.

துன்பம் வந்தால் நாம் செய்யும் முதல் காரியம் கதவைச் சாத்திக்கொள்வது. கடன் இருப்பது வெளியே தெரியக் கூடாது, மகள் வீட்டுக்குத் திரும்பி வந்தது தெரியக் கூடாது, மகன் குடிக்கிறான் என்பது தெரியக் கூடாது. ஞாயிறு திருப்பலிக்குக்கூட வராமல் ஒதுங்குகிறோம். அன்பியக் கூட்டம் நம் வீட்டில் என்றால் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக்கழிக்கிறோம். மறுபுறம், அப்படி ஒதுங்கியவரைத் தேடிப் போகாத நாமும் இருக்கிறோம். இயேசு அமைதியைத் தந்தது தனித்தனியே அல்ல; கூடியிருந்தவர்களின் நடுவில் வந்து நின்றுதான் தந்தார். அன்று அங்கே இல்லாத தோமாவுக்காக, எட்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். அதற்குள் மற்றச் சீடர்கள் தோமாவைத் தேடிப்போய், ஆண்டவரைக் கண்டோம் என்று சொல்லியிருந்தார்கள். நம் அன்பியத்தில் இப்போது யார் தோமா? அவர் வீட்டுக்கு இந்த வாரம் யார் போகப்போகிறோம்?

மூன்றாவது, அவர் காத்திருந்தே காலத்தைக் கழிக்கவில்லை. என்றோ வரும் விடுதலைக்காக வாழ்வைத் தள்ளிப்போடாமல், இன்றைய பொழுதை அன்பால் நிரப்புவது என்று முடிவு செய்தார். வீட்டுக் காவலில் இருந்தபோது, ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, அவன் தாயிடம் பழைய நாள்காட்டித் தாள்களை வாங்கித் தரும்படி கேட்டார். அவற்றின் பின்புறத்தில் இரவில் தம் மக்களுக்கு மடல்கள் எழுதினார். காலையில் சிறுவன் அவற்றை எடுத்துப்போவான். வீட்டில் உள்ளவர்கள் படியெடுத்துப் பரப்புவார்கள். சிறைப்பட்டவரிடமிருந்து வெளியில் இருந்தவர்களுக்கு ஆறுதல் போயிற்று. திருத்தூதர் பவுலும் இதைத்தானே செய்தார்? மனித அறிவைக் கடந்த இறை அமைதியைப் பற்றிப் பிலிப்பியருக்கு அவர் எழுதிய மடல், விலங்குகளோடு இருந்தபோது எழுதியது.

இந்த இடத்தில் ஒரு தவறான பொருளையும் நாம் விலக்க வேண்டும். அமைதி என்பது அநீதியைச் சகித்துக்கொண்டு வாய்மூடி இருப்பது அல்ல. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடம் பட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், இது உன் சிலுவை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவளுக்குப் பாதுகாப்பான இடம் தேடிக் கொடுப்பதே அமைதிப் பணி. மனச்சோர்வு நோயால் வாடும் ஒருவரிடம், செபம் போதாததால்தான் இப்படி என்று சொல்வதும் தவறு. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதுபோல இதற்கும் போக வேண்டும். வாழ்வை முடித்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் யாருக்கேனும் இருந்தால், இப்போதே, இந்த நிகழ்ச்சி முடிவதற்குக் காத்திராமல், அருகில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விவிலியத்தில் அமைதியைக் குறிக்கும் ஷாலோம் என்ற எபிரேயச் சொல்லுக்கு, குறைவற்ற முழுமை என்பதே பொருள். உடல், உள்ளம், உறவு, நீதி எல்லாம் அதில் அடங்கும். நுயென் வான் துவான் விடுதலையான பிறகு உரோமையில் ஏற்ற பணியும், திருச்சபையின் நீதி, அமைதி அவைக்குத் தலைமை தாங்குவதாகவே இருந்தது.

1988 நவம்பர் 21, தூய மரியா காணிக்கையாக அர்ப்பணிக்கப்பட்ட நினைவு நாளில் அவர் விடுதலை ஆனார். 2000ஆம் யூபிலி ஆண்டின் தவக்காலத்தில், திருத்தந்தை 2ஆம் யோவான் பவுலுக்கும் உரோமைச் செயலகத்தாருக்கும் அவரே தியானம் வழங்கினார். 2001இல் கர்தினால் ஆனார். 2002 செப்டம்பர் 16 அன்று இறைவனடி சேர்ந்தார். திருச்சபை இன்று அவரை வணக்கத்துக்குரியவர் என்று அழைக்கிறது.

இனி அந்தத் தாயிடம் திரும்புவோம். சில வாரங்கள் கழித்து மீண்டும் அவர் வீட்டுக்குப் போனோம். இந்த முறை ஒன்றும் விளக்கவில்லை. தரையில் உட்கார்ந்தோம். அவராகவே செபமாலையை எடுத்தார். துக்க தேவ இரகசியங்களைச் சொன்னோம். இயேசு சிலுவையில் இறந்ததைச் சொல்லும் ஐந்தாவது இரகசியத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்தப் பத்து மணியையும் அவருக்காகச் சொல்லி முடித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு அவர் திருப்பலிக்கு வரத் தொடங்கினார். தமக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. ஆனால் ஊரில் ஒரு வீட்டில் சாவு என்றால், முதலில் போய் அந்தத் தாயின் அருகில் உட்காருபவர் அவர்தான். போதனை எதுவும் செய்வதில்லை. கையைப் பிடித்துக்கொள்வார், சுக்குக்காப்பி போட்டுக் கொடுப்பார், இரவு தங்குவார். கதவை இன்றும் தாழிடுவதில்லை என்கிறார்கள். மகனுக்காகத் திறந்து வைத்த அந்தக் கதவு வழியாக, இப்போது அழுதுகொண்டு வரும் அக்கம்பக்கத்தார் பலர் உள்ளே வருகிறார்கள்.

உயிர்த்த ஆண்டவர் தழும்புகளோடு வந்தார் என்று முதலில் சொன்னோமே, அதன் பொருளை நமக்கு அந்தத் தாயே கற்றுக்கொடுத்தார். காயம் ஆறிய பிறகு வரும் அமைதிக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. காயத்தோடு இருக்கும்போதே அவர் நம் நடுவில் வந்து நிற்கிறார். நம்மையும் அடுத்தவரிடம் அனுப்புகிறார்.

ஆகவே வருகிற ஞாயிறு திருப்பலியில் அருகில் நிற்பவரைப் பார்த்துக் கரம் குவிக்கும்போது, ஒரு நொடி அவர் முகத்தைப் பார்ப்போம். திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்போம்.

செபிப்போமாக. ஆண்டவராகிய இயேசுவே, பூட்டிய கதவுகளுக்குள்ளும் நீர் வருகிறீர். கடலில் உறவுகளை இழந்தோரையும், சிறையில் இருப்போரையும், நோயில் வாடுவோரையும், கடன் சுமையால் உறங்காதோரையும் உமது காயப்பட்ட கரங்களில் வைக்கிறோம். எங்களுக்கு விளங்காத நேரத்திலும் உம்மை விட்டு விலகாதிருக்க வரம் தாரும். எங்கள் அவசரச் சொற்களை மன்னித்து, பிறர் துயரில் அருகிருக்கும் பொறுமையைத் தாரும். உமது அமைதி எங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.